கீழே வந்துவிட்ட அக்கா

தீயை அணைத்த அலுவலகங்கள் உலகில் பல உண்டு. தீ பற்றுவதற்கு முன்பே அதை வென்ற அலுவலகம் இது ஒன்றுதான்.

ஐந்தாம் மாடியில், வரைபடப் பிரிவில், சக்கர நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்தவரை எல்லோரும் அக்கா என்றே அழைத்தார்கள். தீ ஒத்திகை என்று சுற்றறிக்கை வந்ததும் அக்கா மேலாளரிடம் போனார்.

“ஐயா, தீப்பிடிச்சா லிஃப்ட் ஓடாது. படியில ஆளை இறக்குற நாற்காலின்னு ஒண்ணு இருக்கு. அது இருந்தாத்தான் நான் பிழைப்பேன்.”

மேலாளர் முதுகை நிமிர்த்தினார். அவருக்கு அலுவலகம் என்றால் குடும்பம். குடும்பம் என்றால் மானம்.

“நம்ம வீட்டுப் பொண்ணை நாலு பேர் இறக்கிட்டு வர்றதை ஊரே வேடிக்கை பார்க்கணுமாம்மா? உங்களுக்கு எந்தச் சிரமமும் வேண்டாம். ஒத்திகையில உங்களுக்குப் பதிலா நம்ம தட்டச்சர் உட்காருவார்.”

“எனக்குப் பதிலா அவர் பிழைச்சாப் போதுமா, ஐயா?”

“அதுக்குப் பேருதாம்மா பிரதிநிதித்துவம்.”

மணி அடித்தது. வேறொரு சக்கர நாற்காலியில் கம்பீரமாக அமர்ந்திருந்த தட்டச்சர் எழுந்தார். நாற்காலியை மடக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஐந்து மாடியும் ஓடி இறங்கினார். எழுபதே விநாடி! ‘மாற்றுத்திறனாளிகள் முதலிடம்’ என்று பதிவேட்டில் ஏறியது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. இறக்கும் நாற்காலி கேட்டு அக்கா எழுதிக் கொடுத்த விண்ணப்பம் ‘தேவை எழவில்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

மறு வாரம் அக்காவின் அறையிலேயே அச்சு இயந்திரம் புகைந்தது. மறுபடி மணி. எல்லோரும் படியில் பாய்ந்தார்கள். தட்டச்சர் கடமை தவறாதவர். வாசலில் தம் பெயருக்கு ஒரு முறையும் அக்கா பெயருக்கு ஒரு முறையும் கை தூக்கினார். தலைக்கணக்கு சரியாக இருந்தது.

மேலாளரின் கைபேசி ஒலித்தது.

“ஐயா, அக்கா பேசுறேன். மேலதான் இருக்கேன். கண்ணெல்லாம் எரியுது.”

“குழப்பாதீங்கம்மா. நீங்க கீழ வந்துட்டீங்க. பதிவேட்டுல இருக்கு.”

“அப்போ கீழ இருக்கிற என்கிட்ட போனைக் குடுங்க.”

மேலாளர் தயங்காமல் தட்டச்சரிடம் நீட்டினார்.

“கவலைப்படாதீங்க அக்கா,” என்றார் தட்டச்சர். “நாம பத்திரமா இருக்கோம்.”

அக்கா போனை வைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு சக்கரத்தை உருட்டிப் போய், இயந்திரத்தின் மின்செருகியைப் பிடுங்கி எறிந்தார். புகை அடங்கியது. கட்டடம் பிழைத்தது.

மறுநாள் அவர் மேசையில் முத்திரையிட்ட உறை ஒன்று இருந்தது. பாராட்டுக் கடிதம் என்றுதான் பிரித்தார்.

‘பதிவேட்டின்படி பத்திரமாகக் கீழே இறங்கிவிட்ட தாங்கள், ஆபத்து நீங்கும் முன்னரே, எவர் அனுமதியும் இன்றி, ஐந்து மாடிகளும் படியேறி மீண்டும் மேலே சென்றது ஏன்? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’