பதினாறாம் பக்கம்

"திருப்பாதே!"

என் விரல் பதினாறாம் பக்கத்தின் நுனியில் நின்றது. எதிரே தரையில் முப்பது குழந்தைகள், ஓரமாக வகுப்பு டீச்சர். கடைசிப் பெஞ்சில் வாசிப்புத் திட்ட ஆய்வாளர். ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு என்பதால் முழங்கால் அவர் மோவாயை இடித்துக்கொண்டிருந்தது. கத்தியது அவர்தான்.

பள்ளிக்கூடத்தை முடித்துத் தப்பித்த மூன்றாம் மாதமே மறுபடி பள்ளிக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்த ஆள் நான். வேலை, தன்னார்வலர். படக்கதை வாசிக்க வேண்டும். அன்றுதான் முதல் நாள், புத்தகமும் அன்றுதான் வந்திருந்தது.

கதை இவ்வளவுதான்: நீர்யானை அம்மா தொலைந்துபோன குட்டியைப் பதினைந்து பக்கம் தேடுகிறாள். கட்டிலுக்கடியில், அலமாரியில், பானைக்குள்கூட. மிச்சம் ஒரே பக்கம்.

"ஏன் சார் திருப்பக் கூடாது?"

அவர் படிவத்தைத் தட்டிக் காட்டினார். "பக்கம் பதினாறு, சொற்கள் பூஜ்யம். வெறும் படம். சொல்லே இல்லாத பக்கத்த எப்படிப்பா வாசிப்ப?"

"வாசிக்க மாட்டேன், காட்டுவேன்."

"அதான் தப்பு. வாசிச்சா வாசிப்பு. காட்டினா வேடிக்கை. நீ வாசிப்புத் தன்னார்வலர். வேடிக்கைக்கு உனக்கு அதிகாரம் கிடையாது."

புத்தகம் மூடப்பட்டு பீரோவுக்குள் போனது. மேற்படி பக்கம் குறித்து மேலிடத்துக்குக் கடிதம் போனது.

மூன்று வாரம். முன்பல் விழுந்த ஒருத்தி, ஓட்டைப்பல் என்று கூப்பிடுவோம், காலையில் வாசலிலேயே நின்றுவிடுவாள். அம்மா கையை விட மாட்டாள். விட்டால் அந்தக் குட்டி மாதிரி தானும் தொலைந்துபோவாளாம்.

"அண்ணா, குட்டி கெடச்சுதா?"

"பரிசீலனைல இருக்கு."

"அப்போ அங்க போய்த் தேடச் சொல்லுங்க, அவங்கம்மாவ."

அவளுக்குப் பதில் மேலிடத்திலிருந்து வந்தது. சொற்குறைபாடு நிவர்த்தி செய்யப்பட்டதாம். ஆய்வாளர் ஒரு ஸ்டிக்கரோடு வந்தார், பக்கம் அளவுக்குப் பெரியது. படத்தைப் பார்த்தால் வேடிக்கையாகிவிடும் என்பதால் எங்களுக்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டே ஒட்டினார். அதில் அச்சடித்திருந்தது: 'இப்பக்கத்தில் சொற்கள் எதுவும் இல்லை.'

"நாலு சொல். இப்ப தாராளமா வாசி. உணர்ச்சியோட."

வாசித்தேன். உணர்ச்சியோடு.

ஓட்டைப்பல் எழுந்து வந்து ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பினாள். மறு மூலையை நான் பிடித்தேன். ஆபீஸ் பசை கடிதத்தின் உறையைக்கூட ஒழுங்காக ஒட்டாது. அன்றைக்குப் பார்த்து அது கடமையைச் செய்துவிட்டது. ஸ்டிக்கரோடு படமும் நார் நாராக வந்தது. மிஞ்சியது பிய்ந்த வெள்ளைத்தாள்.

ஆய்வாளர் அதையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சொல்லும் இல்ல, படமும் இல்ல. இனி இந்தப் பக்கத்தால யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல!"

பிறகு குரலை இறக்கி, "ஆமா தம்பி, குட்டி கெடச்சுதா இல்லையா?" என்றார்.

"எனக்கும் மூணு வாரமா அதே கவலைதான்," என்றார் டீச்சர். "நீ பார்த்திருப்பியே, சொல்லுப்பா."

முப்பது குழந்தைகளும் என்னையே பார்த்தார்கள். ஓட்டைப்பல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாள் காலையில் புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது டீச்சர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வகுப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கடைசிவரைக்கும் பார்த்துடுப்பா."

பதினாறு பக்கத்துக்கு என்ன ஒத்திகை என்று விட்டுவிட்டேன்.