பரவையிலிருந்து தல்லாகுளத்துக்கு ஒரு ‘ஹெல் ஆஃப் எ ஜர்னி’

ஆங்கிலத்தில் எனக்கு இரண்டே வாக்கியங்கள் தெரியும். இரண்டும் பயணம் மோசமாக இருந்தது என்று சொல்வதற்கானவை.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. பரவை மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகளுக்கு வாய் தைக்கிறேன். (என் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள் என்பாள் மனைவி, அவள் இருந்த காலத்தில்.)

மகள் செல்விக்குத் தல்லாகுளத்திலிருந்து வரன் வந்தது. அவளோடு வேலை பார்க்கும் பையன். இருவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் பையனுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருந்தது. “எங்கப்பா சரின்னாத்தான் அங்க வருவேன்” என்று சொல்லியிருந்தாள். வீட்டில் நானும் அவளும்தான். கல்யாணமானாலும் ஒரு வருஷமாவது அவள் மதுரையில் இருக்கட்டும் என்று கேட்டுவிடும் முடிவோடு, முதல் பேச்சுக்குத் தனியாகக் கிளம்பினேன்.

“அவங்க பெரியப்பா டெல்லியில இருந்தவரு. வந்தது எப்படின்னு இங்கிலீஷ்லதான் கேப்பாரு” என்றாள் செல்வி. “ரோடு குண்டும் குழியுமா இருந்தா ‘பம்பி ரைடு’ன்னு சொல்லுப்பா. படாத பாடு பட்டா ‘ஹெல் ஆஃப் எ ஜர்னி’. ஆனா அது கூட்டாளிககிட்டப் பேசுறது. பெரியவங்ககிட்டச் சொல்லிறாத.”

பஸ்ஸில் அரைமணி நேரமும் முதலாவதையே முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பெரியப்பா வாசலிலேயே கேட்டார். நான் இரண்டாவதைச் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இப்படிப் பேச ஆங்கிலத்தில் ஊறியவனால்தான் முடியும் என்று நினைத்திருக்க வேண்டும். அப்புறம் முக்கால் மணி நேரம் ஆங்கிலம்தான். தெரியாது என்று சொல்லக் கூச்சம். அவர் சிரித்தால் சிரித்தேன். பெருமூச்சு விட்டால் நானும் விட்டேன். கடைசியில் ஏதோ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். பலமாகத் தலையாட்டினேன்.

“கேசரி கொண்டாங்கம்மா” என்றார் உள்ளே பார்த்து. “கல்யாணம் முடிஞ்ச கையோட பொண்ணு கனடா போகலாம்னு சம்பந்தி சொல்லிட்டாரு.”

மறுக்க வாயைத் திறப்பதற்குள் என் போன் அடித்தது. உள்ளேயிருந்து கேட்ட பையன் அதற்குள் செல்விக்குத் தகவல் அனுப்பியிருந்தான்.

“நெசமாவாப்பா?” என்றாள். அம்மா போனபிறகு அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

“ம்” என்றேன். வாயில் கேசரி.

“எங்க மாமா ஒத்த வரியில விசா குடுத்தவரு” என்று மருமகன் இன்றும் எல்லாரிடமும் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து போனில் செல்வி முதலில் கேட்பதும் அந்த வரியை வரவழைக்கத்தான்.

“இந்த வாரப் பயணம் எப்படிப்பா?”

“ஹெல் ஆஃப் எ ஜர்னி தாயி.”

அங்கே இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எனக்கு எங்கேயும் போகிற வேலை இல்லை. ஆனால் அவளிடம் பொய் சொல்ல மனம் வராது. அதனால் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறித் திருப்பரங்குன்றம் வரை போய், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறேன்.