‘சரி’ என்றால் அடுத்த படம்

கொழும்பில் இருக்கிற பேராசிரியர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மற்றத் தட்டில் புரொஜெக்டர் அண்ணையைத் தனியே ஏற்றினாலும், கேட்ட ஆய்வுகளின் பாரத்தில் அண்ணையின் தட்டுத்தான் தாழும். ஆனால் அத்தனை ஆய்விலும் ஒரு படத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

வெள்ளவத்தையில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்கு மேலே அவருடைய அறை. புரொஜெக்டர் வாடகைக்கு விடுவது தொழில். கொடுத்துவிட்டுப் போகிற ஆளில்லை. தானே தூக்கி வந்து, தானே பொருத்தி, பக்கத்தில் கதிரை போட்டிருந்து, படங்களையும் தானே மாற்றுவார். அதுவும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கண் முழுக்கச் சபையில்தான். யார் எத்தனையாம் நிமிடத்தில் கொட்டாவி விட்டார் என்பதை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொள்வார். திரையில் என்ன கிடக்கிறது, சனத்தின் முகத்தில்தான் எல்லாம் கிடக்கிறது என்பது அவர் கொள்கை.

காலி வீதி பஸ்ஸில் அவர் ஏறுவதைப் பார்க்க வேண்டும். புரொஜெக்டரைத் துவாயால் சுற்றி நெஞ்சோடு அணைத்திருப்பார். கொண்டக்டர் அதைக் கைக்குழந்தை என்று நினைத்து, தாய்மாருக்கு ஒதுக்கிய இருக்கையில் இருந்தவரை எழுப்பிவிடுவார். அண்ணை மறுக்க மாட்டார். இருந்து, துவாயின் நுனியை விலக்கி உள்ளே பார்த்துவிட்டு, திருப்தியாக மூடுவார். “பொய் சொல்லேல்லையே தம்பி, அவன்தான் குழந்தை எண்டவன்” என்பார்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வீடு முகத்துவாரத்தில், அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் ஆய்வு அளிக்கை என்று ஒன்று வந்தது. பதினைந்து நிமிடம், மூன்று பரீட்சகர்கள். தவறினால் பட்டம் இல்லை, இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அப்பாவோ, மகன் பாஸ் என்று ஒழுங்கை முழுவதும் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார். ஆனால் என்ன பாஸ் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

“பேச்சுப் போட்டியா மகன்?”

இல்லை என்றேன்.

“அப்ப படம் காட்டுறதா?”

படமும் காட்டி, பேசவும் வேண்டும் என்றேன். படம் காட்டினால் பிறகு எதற்குப் பேச்சு என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

எங்கள் துறையின் புரொஜெக்டர் பழுதாகிக் கிடந்ததால் அண்ணையைப் பிடித்திருந்தார்கள். படங்களை முதலே அவரிடம் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காரணம் இருந்தது. முந்தைய வருடம் ஒருவர் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துவந்த படங்கள், வேறு கணினியில் போட்டதும் அரைப்புள்ளியும் இங்கிலிஷ் எழுத்துமாக மாறிவிட்டன. அவர் நடுங்கியபடி பேசி முடிக்க, ஒரு பரீட்சகர், “இங்கிலிஷில் போட்டது பாராட்டத்தக்கது” என்று குறிப்பெழுதினாராம்.

என் எழுத்து தப்பியது. நான் தப்பவில்லை. அண்ணை என்னைப் பேசிக் காட்டச் சொன்னார். இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் ஒவ்வொரு ஹெல்மெட்டை வைத்து, அதுதான் சபை என்றார். முதல் நாள், கண்ணைப் பார்த்துக் கதைக்கச் சொன்னார். இரண்டாம் நாள், கண்ணைப் பார்த்தால் கடன் கேட்கிற மாதிரி இருக்கும், நெற்றியைப் பார் என்றார். மூன்றாம் நாள் ஹெல்மெட்டுகளைத் திருப்பி வைத்துவிட்டு, ஒருவரையும் பார்க்க வேண்டாம், திரையைச் செத்தாலும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார். மூன்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஒன்றையொன்று வெட்டியது. வெட்டினால் ஆழமான விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கடைசியாக, படத்தை மாற்றச் சைகை என்ன என்று கேட்டேன்.

“அடுத்தது எண்டு சொல்லாதையும். இன்னும் கிடக்கோ எண்டு சனம் பயந்துபோகும். நெக்ஸ்ட் எண்டால் டிஸ்பென்சரியில நம்பர் கூப்பிடுற மாதிரி. நீர் ‘சரி’ எண்டு சொல்லும், நான் மாத்துறன்.”

சரி என்றேன். அந்த இடத்தில் இரண்டு பேரில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டும். முகத்துவாரத்தில் ‘சரி’ போடாமல் ஒரு வசனம் முடியாது. போனேன் சரியா, பார்த்தேன் சரியா, ஆளில்லை சரி, வந்துவிட்டேன். பயம் வந்தால் இன்னும் கூடும்.

அன்று மண்டபத்தில் எழுந்து நின்றேன். “வணக்கம், சரி, என்னுடைய ஆய்வு, சரி, துறைமுகத்தை அண்டிய நாட்கூலித் தொழிலாளர்களின், சரி, காத்திருப்பு நேரமும் குடும்ப நலனும்...” அண்ணை சொன்ன சொல் தவறாத மனிதர். ஒரு சரிக்கு ஒரு படம். செத்தாலும் திரும்பக் கூடாது என்று நானும் திரும்பவில்லை. மூன்றாம் நிமிடம் பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். திரையில் பெரிய எழுத்தில் ‘நன்றி’.

பன்னிரண்டு நிமிடம் மிச்சம். அட்டவணை, வரைபடம், முடிவுரை எல்லாம் போய்விட்டன. பின்னுக்குப் போங்கள் என்று அண்ணையிடம் மெல்லச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பரீட்சகர்களைப் பார்த்தார். திரை இருண்டது.

“சேர், பல்ப் போயிற்றுது” என்று எழுந்து நின்று அறிவித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.

படம் இல்லாமல் தொடரும்படி பரீட்சகர் சொன்னார். பாடமாக்கியது எதுவும் வாயில் வரவில்லை. வந்தது வேறு. அப்பா விடியப்புறம் சோற்றுப் பார்சலோடு துறைமுக வாசலில் போய் நிற்பார். பெயர் கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் ஒன்பது மணிக்கு, அவிழ்க்காத பார்சலோடு வீட்டுக்கு வருவார். எங்களுக்கு அது கொண்டாட்டம். நானும் தங்கச்சியும் அந்தப் பார்சலுக்கு அடிபடுவோம். அப்பா வேலை முடித்து வருகிற நாளைவிட வேலையில்லாமல் வருகிற நாளைத்தான் நாங்கள் விரும்பினோம் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது.

பரீட்சகர்களில் ஒருவரான பெண்மணி பேனையை மூடிவைத்தார். “இது ஏன் ஆய்வறிக்கையில் இல்லை?”

“அது தரவு என்று தெரியாது, மெடம்” என்றேன்.

சேர்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எனக்குப் பிறகு பேசியவருக்குப் புரொஜெக்டர் பளிச்சென்று எரிந்தது. வெளியில் அண்ணையிடம் கேட்டேன். சூடு ஆறினால் பல்ப் எரியும்தானே என்றார். அடுத்த கிழமை கேட்டபோது, வயரில் கால் பட்டிருக்கும் என்றார். பிறகொரு நாள், எந்த பல்ப் என்று என்னையே கேட்டார்.

பெறுபேறு வந்ததும் முதல் போனை அவருக்குத்தான் எடுத்தேன். ஏன் என்று இப்போதும் விளங்கவில்லை. என் பெயரைச் சொன்னேன், ஆள் பிடிபடவில்லை. ஆய்வுத் தலைப்பை முழுவதாகச் சொன்னேன், அதுவும் பிடிபடவில்லை. பாஸ் பண்ணிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

“ஓ, பார்சல் தம்பியோ? நல்லது, நல்லது. உம்மட்ட ஒண்டு கேக்கோணும் எண்டு அண்டையில இருந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறன் ஐசே. அந்தப் பார்சலுக்குள்ள என்ன கறி?”

பருப்பு என்றேன். பிறகு? கீரை. பிறகு? சில நாள் கருவாடு. பொரிச்சதோ, குழம்போ என்று கேட்டார். அப்பாவுக்குச் செய்தி பத்து நிமிடம் பிந்தித்தான் போனது.