ஏர்ஹாரனார் உடற்பயிற்சி சைக்கிளை வென்ற வரலாறு

மார்ச் மாதம் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி பதினான்கு நிமிடத்துக்கு, நகரப் பேருந்துப் பணிமனையின் மருத்துவ அறையில், இருபத்தேழாம் எண் பேருந்தின் ஓட்டுநருக்கு ரத்த அழுத்தம் 148 என்று பதிவானது.

வாழி, ஏர்ஹாரனார்! பத்தொன்பது ஆண்டுகள் ஒரே தடத்தில் ஓடி, ஒரு கணமும் ஓயாத பேரொலியால் ஆட்டோக்களை ஓரங்கட்டி, மிதிவண்டிகளை நடைபாதைக்கு ஏற்றி, பச்சை விளக்கு விழுவதற்கு ஒரு நொடி முன்னரே முன்னிற்போரின் முதுகெலும்பை அதிரவைத்த முழக்கவேந்தே, வாழி! தலைக்குமேல் தொங்கும் சிறு கண்ணாடியில் கடைக்கண் வைத்தே கடைசி இருக்கைக் கலகங்களை அடக்கிய நெடுநோக்கரே, வாழி! பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் உறங்க, தோழர் இட்ட பெயரால் மட்டுமே தரணி அறிந்த தலைவரே, உம் போர் பாடுவோம். காது உள்ளவர்கள் சற்றுத் தள்ளி நின்று கேட்கட்டும்.

போருக்குக் காரணம் ஒரு சட்டம். ஓட்டுநர்களின் மனமும் உடலும் நலமாயிருக்க வேண்டும் என்று ஒன்பது மாதங்களுக்கு முன் மேலிடத்தில் எவருக்கோ தோன்ற, ஓய்வறைக்கு உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றும் அறிவிப்புப் பலகை ஒன்றும் வந்து சேர்ந்தன. வண்டி எடுக்குமுன் அழுத்தம் பார்ப்பார்கள். 140-ஐத் தாண்டினால் பலகையில் உள்ளபடி செய்துவிட்டு, ஐந்து ஐம்பதுக்குள் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று முறை இறங்கவில்லை என்றால் மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அந்த மூன்று மாதமும், பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்கும் டிபன் பாக்ஸ்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் காவலாக, ஜன்னல் இல்லாத தொலைந்த பொருள் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏர்ஹாரனார் அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தார்.

ஸ்டியரிங் இல்லாத வாழ்வை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டில் ரிமோட் பிள்ளைகள் கையில், சாவிக்கொத்து மனைவி இடுப்பில், நாற்காலி மாமியாருக்கு. இவ்வுலகில் அவர் கை வைத்தவுடன் மனிதர்கள் விலகி வழிவிடும் இடம் அந்த ஹாரன் ஒன்றே. தண்டனையைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று மனைவியும் கலங்கித்தான் போனார்.

"மூணு மாசம் ஹாரன் அடிக்காம இருந்தா, அத்தனையும் வீட்டுக்குல்ல கொண்டுவந்து அடிப்பீங்க? எப்படியாவது பிரஷரக் குறைச்சிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஆகவே 148 என்ற எண்ணைக் கண்டதும் வீரரின் நெஞ்சில் முரசு அதிர்ந்தது.

"சிஸ்டர், மெஷின் சரியா வேலை செய்யுதா?"

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல அண்ணே. போர்டுல போட்டிருக்கிறபடி செஞ்சுட்டு வாங்க. கோபப்படாம செய்யுங்க."

"நான் எங்க கோபப்பட்டேன்!" என்று அவர் வினவ, அலமாரியில் இருந்த மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதி மெல்லொலி எழுப்பின.

அப்போது அவருக்குப் பின்னால் ஒரு கொட்டாவி கேட்டது. திரும்பினார். அங்கே நின்றான் பகைவன். இறக்கம் கண்ட இடமெல்லாம் கியரை விடுவித்து வண்டியைத் தன்போக்கில் உருளவிடுவதால் நியூட்ரல் என்று பெயர்பெற்றவன். முன்னால் மாடு நின்றால் அது போகும்வரை தானும் நிற்பவன். பதினொரு ஆண்டுகளில் ஹாரன் பொத்தானின் பெயிண்ட்கூடத் தேயாதவன். அவனுடைய பேருந்து பணிமனையின் பழுதுபார்க்கும் குழிமேல் பிரித்துக் கிடந்ததால் அன்று அவனுக்கு வண்டியில்லை. படியேறி வந்த களைப்பிலோ என்னவோ, வாழ்வில் முதல் முறையாக அவனுக்கு 144 காட்டியது.

"நீங்க ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல இறங்குதோ, அவருக்குத்தான் இருபத்தேழு," என்றார் வண்டிகளை நேரத்துக்கு அனுப்பும் டைம் கீப்பர், வாசலில் நின்றபடி, கையிலிருந்த அட்டையிலிருந்து கண்ணெடுக்காமல். "ஐஞ்சு அம்பத்தஞ்சுக்கு வண்டி வெளியே போகணும்."

இருபது நிமிடம் மிதிக்க வேண்டும்; மிதித்தபின் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கி அமர வேண்டும். இருப்பது ஒரே சைக்கிள். இருவர் முறையாக மிதித்து முடிக்க நேரம் போதாது. இதை உணர்ந்த மாத்திரத்தில், வேடனைக் கண்ட வேழம்போல் புறப்பட்டார் ஏர்ஹாரனார்.

ஓய்வறை வாசலிலோ, இரவுப் பணி முடிந்த நடத்துநர் எழுவர் ஷூக்களைக் கழற்றிக்கொண்டு கோட்டை அகழிபோல் குறுக்கே அமர்ந்திருந்தனர். வீரர் தயங்கவில்லை. கட்டடத்தை வலப்புறமாகச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கம்பியில்லாத பக்க ஜன்னலை அடைந்து, தோளில் கிடந்த பச்சைக் கட்டம் போட்ட துண்டை உருவி, பெருங்கூட்டத்துப் பயணிகள் கற்பித்த அந்தப் பழம்பெரும் போர்முறையின்படி உள்ளே வீசினார். துண்டு காற்றில் கொடியென விரிந்தது. வெற்றிக் கொடியெனவே சைக்கிள் சீட்டின்மேல் விழுந்தது. இடம் பிடித்தாயிற்று! கர்வம் பொங்க, மீண்டும் தொட்டியைத் தாண்டி, நடத்துநர் எழுவரின் கால்களையும் தாண்டி அவர் உள்ளே நுழைந்தபோது, துண்டு கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டில் நியூட்ரல் உட்கார்ந்திருந்தான்.

"துண்டு போட்டிருக்கேன்ல?"

"பாத்தேன்ணே. நல்ல துண்டு."

"எந்திரி."

"எதுக்குண்ணே? வாசல்ல வழி கேட்டேன், விட்டாங்க. வந்தேன், உக்காந்தேன்."

அறை இரண்டுபட்டது. அகழியாய்க் கிடந்த நடத்துநர்கள் எழுந்து வந்து, ஜன்னல் வழியாகப் போட்ட துண்டுக்கு உரிமை உண்டு என்று மூவரும், இல்லை என்று நால்வரும் அணிவகுத்தனர். கூச்சல் கேட்டு டைம் கீப்பர் நீதி வழங்க எழுந்தருளினார். வழக்கைக் கேட்டார், அட்டையால் முதுகைச் சொறிந்துகொண்டார், பின் ஏர்ஹாரனாரை உற்று நோக்கி உரைத்தார்:

"யோவ், பத்தொன்பது வருஷமா கண்ணாடியப் பாத்துக்கிட்டு நீதானய்யா கத்துவே? 'துண்டெல்லாம் டிக்கெட் எடுக்குமா? உக்காந்தவங்களுக்குத்தான் சீட்டு'ன்னு. என் சம்சாரமே ஒரு தடவ உன் வண்டியில கர்ச்சீப் போட்டுட்டு நின்னுக்கிட்டே வந்தா."

தாம் வார்த்த வாளே தம் மார்பில் பாய்ந்த வீரரின் நிலையை எவ்வாறு உரைப்பேன்! அவர் செவிகள் சிவந்தன. ஆயினும் சட்டம் சட்டமே. அதுவும் தம் வாயால் பிறந்த சட்டம். பெரும்படையை இழந்த மன்னர்போல் அவர் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார். நின்று, எதிரியின் ஒவ்வொரு மிதியையும் எண்ணினார். நியூட்ரல் மிதித்த வேகத்தில் மாவரைத்திருந்தால் மூன்று நாள் ஆகும்.

சைக்கிளுக்கு நேர் எதிரே, சுவரில், அந்த அறிவிப்புப் பலகை இருந்தது. அதன் நடுவில் ஓர் ஆணி. மிதிக்க ஏறுமுன் துண்டை அந்த ஆணியில் மாட்டுவது ஏர்ஹாரனாரின் வழக்கம். மிதிக்காத நாட்களிலும் அங்கேதான் மாட்டுவார். ஒன்பது மாதமாக அந்த ஆணி வேறு எவர் துண்டையும் அறியாது. இன்று துண்டு போர்க்களத்தில் கிடந்ததால் ஆணி வெறுமையாய் இருந்தது. சீட்டில் இருந்தபடி நியூட்ரல் பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தான். மீண்டும் ஒருமுறை படித்தான். பிறகு மிதிப்பதை நிறுத்தி, காலை ஊன்றி, இறங்கினான்.

"உக்காந்தவங்களுக்குத்தான் சீட்டு!" என்ற பெருமுழக்கம் கூரைத் தகரத்தை உலுக்க, மின்னலும் நாணும் விரைவில் ஏர்ஹாரனார் பாய்ந்தேறினார். அப்போது மணி ஐந்து இருபத்திரண்டு. நடத்துநர் மூவர் கைதட்டினர். பகைவன் எதிர்க்கவில்லை, "உக்காருங்கண்ணே, தாராளமா" என்று சொல்லிவிட்டு, சுவரோர பெஞ்சில் போய்ச் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடினான்.

வென்றார்! வென்றபின் வீரர் மிதித்த மிதியைப் பாட ஆயிரம் நாவும் போதா. அசையாச் சைக்கிளில் அமர்ந்தபடியே அவர் இருபத்தேழாம் தடம் முழுதும் ஓடினார். கற்பனைத் திருப்பங்களில் உடலைச் சாய்த்தார். குறுக்கே வந்த கற்பனை ஆட்டோ ஒன்றை வாயாலேயே ஹாரன் அடித்து விரட்டினார். கற்பனைச் சிக்னலில் நின்றிருந்த கற்பனை லாரிக்காரனின் குலத்தையே விசாரித்தார். வியர்வை, மழைக்கால வாய்க்காலென நெற்றியில் கிளம்பி மூக்குநுனியில் அருவியாய் வீழ்ந்தது. பெடலின் ஓலம் பணிமனைப் பட்டறையையும் மிஞ்சியது. இடையிடையே பெஞ்சின் பக்கம் ஒரு கனல்பார்வை வீசுவார். அங்கிருந்து சன்னமான ஒரு குறட்டை பதிலாக வரும். குறட்டையைக் கேட்கக் கேட்க அவர் கால்கள் இன்னும் சீறின.

"அண்ணே, மெதுவா. நெஞ்ச வலிக்கப் போகுது," என்றார் ஒரு நடத்துநர்.

"மன அமைதிக்குத்தாண்டா மிதிக்கிறேன்! பேசாம இரு!"

ஐந்து நாற்பத்திரண்டுக்கு இறங்கினார். பயிற்சிக்குப் பின் ஐந்து நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும் என்பதை அவர் அறிவார்; அமர்ந்தார். ஆனால் அமைதி என்பது அழைத்தால் வரும் அடிமையா? கண்களை இறுக மூடினார், பல்லை நறநறவெனக் கடித்தார், அமைதியே, நீ இப்போதே வருகிறாயா, நான் வரவா என்று உள்ளுக்குள் அறைகூவினார். குடைகளும் டிபன் பாக்ஸ்களும் ஒற்றைச் செருப்புகளும் வரிசையாக வந்து அவரைப் பார்த்துச் சென்றன. நெற்றிப் பொட்டில் ஒரு நரம்பு தனியே எழுந்து நடனமாடியது.

ஐந்து நாற்பத்தெட்டுக்கு இருவரும் மருத்துவ அறையில் நின்றனர். பட்டை கையைச் சுற்றி இறுகியது. காற்றூதும் இயந்திரம் உறுமியது. வீரர் மூச்சை அடக்கி நின்றார்.

"நூத்தி எழுபத்தொண்ணு," என்றார் சிஸ்டர். "என்னண்ணே செஞ்சீங்க?"

பிறகு நியூட்ரல் கையை நீட்டினான்.

"நூத்தி இருபத்தாறு."

"செல்லாது சிஸ்டர்!" ஏர்ஹாரனாரின் குரல் கரகரத்தது. "அவன் அஞ்சு நிமிஷம்கூட மிதிக்கல. இருபது நிமிஷமும் தூங்கினான். சாட்சி இருக்கு."

"போர்டுல போட்டிருக்கிறபடிதாண்ணே செஞ்சேன்," என்றான் நியூட்ரல்.

சிஸ்டரும் டைம் கீப்பரும் வீரரும் ஓய்வறைக்குப் போய்ப் பலகையின் முன் நின்றார்கள். மேல் வரி: 'இருபது நிமிடம் மிதமாக மிதிக்கவும்.' நடுவில் ஆணி. ஆணிக்குக் கீழே, ஒன்பது மாதமாகத் துண்டின் ஈரம் பட்டு எழுத்து சற்று மங்கியிருந்தும் தெளிவாகவே தெரிந்த வரி: 'அல்லது, சும்மா உட்காரவும்.'

ஏர்ஹாரனார் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். அந்தப் பணிமனை வரலாற்றில் அவர் பேசாதிருந்த நிமிடம் அது ஒன்றே என்பர். அந்த நேரத்தில் அழுத்தம் பார்த்திருந்தால் இறங்கியிருக்கக்கூடும். எவரும் பார்க்கவில்லை. இருபத்தேழாம் எண் பேருந்து ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஹாரன் இல்லாமல் வாசலைக் கடந்தது.

எட்டரை மணிக்கு, கூட்டிப் பெருக்கும் அம்மா, ஏர்ஹாரனார் காவலிருந்த தொலைந்த பொருள் அறைக்குள் வந்து மேசைமேல் ஒன்றைப் போட்டார்.

"சைக்கிள்ல தொங்கிட்டு இருந்துச்சு. எழுதிக்கங்க."

"அது என்னோடதும்மா."

"பேர் போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப எழுதிக்கங்க. முப்பது நாள் யாரும் கேட்டு வரலைன்னாத்தான் எடுக்கலாமாம். அந்தச் சுவத்துல எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க."

அவர் எழுந்து போய்ச் சுவரில் இருந்ததைக் கடைசி வரிவரை படித்தார். திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்து, பச்சைக் கட்டம் போட்ட துண்டு, ஒன்று, என்று எழுதினார்.