மாமரத்தடி, முயல் வளை

ஒரு காட்டில் சண்டை போடுவதற்கும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்தக் காட்டில்தான் செங்கமலம் என்ற முயல், மாமரத்தடி வளையில் நான்கு குட்டிகளோடு குடியிருந்தாள்.

ஒருநாள் எங்கிருந்தோ கதண்டுகள் என்னும் விஷ வண்டுகள் கூட்டமாக வந்தன. இனிமேல் காட்டில் எல்லாரும் மஞ்சள் பூவில் மட்டும்தான் தேன் குடிக்க வேண்டுமாம். வேறு பூவில் வாய் வைத்தால் கொட்டுமாம். ஏன் மஞ்சள் என்று கேட்டவருக்கும் ஒரு கொட்டு. தேனே குடிக்காத செங்கமலத்துக்கும் காது வீங்கிப் போனது.

தளபதி யானை மதங்கராயர் கொதித்து எழுந்தார். அவரிடம் நாற்பது யானைகள். கோட்டை என்றால் ஒரே முட்டு, முடிந்தது. ஆனால் கதண்டுகளுக்குக் கோட்டையும் இல்லை, கூடும் இல்லை. இன்று இந்தக் கிளை, நாளை எந்தக் கிளையோ. ராஜாவும் கிடையாது. ஒன்றை அடித்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று.

"எதிரியின் முகவரி?" என்றது எழுத்தர் கொக்கு, ஒற்றைக் காலில் நின்றபடி.

"அதான் இல்லையேய்யா."

"காலியா விட்டா முத்திரை விழாது. முத்திரை விழலேன்னா போர் கிடையாது."

தளபதி வேவு பார்க்கும் பருந்தைக் கூப்பிட்டார். "கடைசியா எங்கே பார்த்தே?"

"நேத்து அந்த மாமரத்துல அரை மணி நேரம் உட்கார்ந்துச்சுங்க ஐயா."

"போதும். எழுது: மாமரத்தடி, முயல் வளை."

செங்கமலம் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயா, அதுங்க மேலே உட்கார்ந்துச்சு, நான் கீழே இருக்கேன்! என் காதைப் பாருங்க!"

"பார்த்தியா? அதுங்க உன் வீட்டுக்கு வந்துபோனதுக்கு உன் காதே சாட்சி" என்றார் தளபதி. ஆனாலும் கெட்டவர் இல்லை. குட்டிகளைத் தூக்கிக்கொள்ளப் பத்து நிமிஷம் கொடுத்தார்.

நாற்பது யானைகளும் வளையை மிதித்தன. நன்றாகவே மிதித்தன. கதண்டுகள் பக்கத்துப் புளியமரத்திலிருந்து வேடிக்கை பார்த்தன. மாலையில் வெற்றி விழா, யானைக்கு ஒரு கட்டு கரும்பு.

மறுநாள் செங்கமலம் குட்டிகளோடு டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, மாற்று வளை கேட்டு விண்ணப்பத்தை நீட்டினாள்.

"முகவரி?" என்றது கொக்கு.

"அதைத்தானே மிதிச்சீங்க!"

கொக்கு விதிப் புத்தகத்தைப் புரட்டியது. "இந்தாம்மா, முகவரி இல்லாதவங்களுக்கு இதுல ஒரே ஒரு பிரிவுதான் இருக்கு. அதுவும் கதண்டுகளுக்காக நேத்து போர் முடிஞ்ச பிறகுதான் சேர்த்தோம்" என்றபடி, அவள் பெயருக்குப் பக்கத்தில் 'எதிரி' என்று எழுதியது.

வெளியே வந்ததும் ஒரு கதண்டு பறந்து வந்தது. "அக்கா, எங்களோட வந்துடுங்க. எங்ககிட்ட விண்ணப்பமெல்லாம் கிடையாது."

"தூரப் போ! எல்லாம் உங்களாலதான்!" என்று செங்கமலம் விரட்டினாள். அது போய்விட்டது.

மூத்த குட்டி மட்டும் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டது: "அம்மா, மஞ்சள் பூ எந்தப் பக்கம் இருக்கும்?"

நீதி: சண்டைக்கு எதிரி அகப்படவில்லை என்று மனம் தளராதீர்கள். அகப்பட்டவரை மிதியுங்கள், எதிரி தானாகத் தயாராகிவிடும்.