சார்வரி வருஷத்து மனு

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதா? என்ன சார் இது, எங்க பெரியக்கா அதவிட பழசு!” என்றார் தலைமையாசிரியர் திருமலை.

சகாதேவன் நீட்டிய கைபேசியை மெல்ல இறக்கிக்கொண்டார். மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த ஆவணம் ஓர் அக்காவிடம் தோற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து பார்வைக்குழு வருகிறது. ‘இணையத்தில் கிடைக்கும் மூலச் சான்றுகளைக் கொண்டு வரலாறு கற்பித்தல்’ என்ற தலைப்பில் சகாதேவன் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பிளஸ் ஒன் வரலாற்றுப் பிரிவில் இருந்தது பதினோரு பேர். வகுப்பு நன்றாக இருந்தால் பிரிவு பிழைக்கும். இல்லாவிட்டால் பதினோரு பேரும் வணிகவியலுக்கு, சகாதேவன் ஜவ்வாது மலைப் பள்ளிக்கு.

மலைமேல் காற்று நன்றாக இருக்கும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அவருக்குக் காற்று பிரச்சினை இல்லை. வீடுதான் பிரச்சினை. மனைவி சரசு கடைசியாகக் கிழித்த தேதியிலேயே அங்கே தினக் காலண்டர் இரண்டு வருடமாக நிற்கிறது. அதைக் கழற்றி இன்னொரு ஊர்ச் சுவரில் மாட்டினால் அது வெறும் பழைய காலண்டர்.

ஆகவே தேடினார். இணையத்தில் கோட்டைகளும் கப்பல்களும் கொட்டிக் கிடந்தன. சொந்த ஊர்ச் சரக்கு மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் ஓர் ஆவணத் தளத்தில் அகப்பட்டது. செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள் பழைய பேப்பர் கடையில் கட்டுக்கட்டாகக் காகிதம் வாங்கி, பழுப்பாக இருந்ததையெல்லாம் படமெடுத்து அதில் ஏற்றியிருந்தார். அவற்றில் ஒரு மனு.

“சார்வரி வருஷம் ஆடி மாதம். துரை அவர்கள் சமூகத்துக்கு, அடி அண்ணாமலை ஏழை எழுதிக்கொள்வது. ஊரில் நோய் கண்டபடியால் மலை சுற்றும் பாதையை அடைத்துவிட்டார்கள். நாலு பௌர்ணமி போயிற்று. பாதையோரம் நின்ற என் தள்ளுவண்டியையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கருணைகூர்ந்து திருப்பித் தர உத்தரவாக வேண்டும். முன்பக்கத்து இடது சக்கரம் ஆடும். தள்ளுகிறவர்கள் பார்த்துத் தள்ளவும்.”

கீழே பெயர் இருந்த மூலை கிழிந்துபோய், பாதிப் பெருவிரல் ரேகை மட்டும் மிச்சமிருந்தது.

படத்துக்கு அடியில் ‘தேதி: தெரியவில்லை. தெரிந்தால் எழுதுங்கள்’ என்று தளம் கேட்டது. சகாதேவன் விரல் விட்டு எண்ணி 1960 என்று தட்டினார். நோய் அம்மையாக இருக்கும் என்று குறிப்பும் எழுதினார். தளம் உடனே நன்றி சொன்னது. இதுவரை அவருடைய எந்த ஆராய்ச்சிக்கும் இவ்வளவு சீக்கிரம் அங்கீகாரம் கிடைத்ததில்லை.

“சார், பழசா வேணும் சார். அவங்க சென்னையிலருந்து வராங்க” என்றார் திருமலை.

வழி காட்டியது வகுப்பில் முதல் பெஞ்ச் அக்ஷயா.

“சார், சார்வரி அறுபது வருஷத்துக்கு ஒருவாட்டி வரும்ல?”

“ஆமாம்மா.”

“துரைன்னு எழுதியிருக்காங்களே. 1960ல ஏது சார் துரை? எல்லாரும் கப்பலேறிட்டாங்களே.”

சகாதேவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அறுபதைக் கழித்தார். 1900! வெள்ளைக்காரன் காலம்! நோய் அம்மையிலிருந்து பிளேக் ஆயிற்று. தளத்தில் திருத்தினார். தளம் மறுபடியும் நன்றி சொன்னது.

திருமலை அன்றைக்கே ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார். ‘நம் ஊரின் 1900ஆம் ஆண்டு ஆவணம்!’ பள்ளி வாசலில் கட்டியதும் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. புதன்கிழமை மத்தியானம் அவரே மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“சார், மோசம் போயிட்டோம். பக்கத்து ஸ்கூல்ல 1850ம் வருஷத்துக் கடுதாசி வச்சிருக்கானாம். நம்மளுது அம்பது வருஷம் கம்மி!”

“அதுக்கு நான் என்ன சார் பண்றது?”

“இன்னொரு அறுபது தள்ளுங்க.”

“சார், இது என்ன தள்ளுவண்டியா?”

“1840ல சார்வரி வருதா, இல்லியா?”

“வருது…”

“அப்பவும் துரை இருந்தானா, இல்லியா?”

“இருந்தான்…”

“அப்புறம் என்ன சார்? ஜவ்வாது மலையில வீடு பாத்துட்டீங்களா?”

சகாதேவன் கணக்குப் பார்த்தார். 1840க்குப் பிளேக் ஒத்துவராது. வாந்திபேதி ஒத்துவந்தது. நோயாளிகள் யாரும் மறுப்புத் தெரிவிக்கப் போவதில்லை. தளத்தில் மூன்றாம் முறையாகத் திருத்தினார். தளம் நன்றியோடு ‘நம்பகமான பங்களிப்பாளர்’ என்ற பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தது. ஃப்ளெக்ஸில் 1900 மேல் 1840 என்று ஒட்டிய தாள் கொஞ்சம் கோணலாக நின்றது.

அக்ஷயா மட்டும் விடவில்லை.

“சார், 1840ல தள்ளுவண்டி இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

“எப்டி சார் சொல்றீங்க?”

“அதான் மனுவுலயே இருக்கே! அதுக்குத்தான் இதுக்கு மூலச் சான்றுன்னு பேரு.”

அவள் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, பேனாவைக் கடித்தபடி அவரையே பார்த்தாள். அந்தப் பார்வை சகாதேவனுக்குப் பழக்கமானது. சரசு அப்படித்தான் பார்ப்பாள், பேசமாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைசிச் சிக்கல் வந்தது. பெரிய அரங்கில் பதினோரு பேர் உட்கார்ந்தால் தேர்வுக்கு வராதவர்களைத் தேடும் கூட்டம் மாதிரித் தெரிந்தது.

“கவலையே படாதீங்க” என்றார் திருமலை. ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் போன் போயிற்று. பத்து மணிக்குள் பின் பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. எதற்கு அழைத்தார்கள் என்று தெரியாமல் சிலர் ஆதார் அட்டையோடு வந்திருந்தார்கள்.

பார்வைக்குழுத் தலைவர் ஜெயந்திமாலா அம்மையார் முன்வரிசையில் அமர்ந்தார். விளக்கு அணைந்தது. திரையில் மனு ஆள் உயரத்துக்கு எழுந்தது.

சகாதேவன் வாசிக்கத் தொடங்கினார். வருஷம் பொய்யானாலும் மனு அவரை இழுத்துக்கொண்டது. நாலு பௌர்ணமி போனதைச் சொன்னபோது குரல் தழைந்தது. ‘முன்பக்கத்து இடது சக்கரம் ஆடும், தள்ளுகிறவர்கள் பார்த்துத் தள்ளவும்’ என்று முடித்தார்.

ஜெயந்திமாலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பறிகொடுத்தவங்க, பறிச்சவன் கைக்கு அடி படக்கூடாதுன்னு நினைக்கிறாங்க பாருங்க. இதுதான் நம்ம ஜனங்க. தேதி சரிபார்த்தீங்களா சார்?”

சகாதேவன் திரையின் ஓரத்தைச் சரிசெய்யப் போனார். அம்மையாரே கைபேசியில் தளத்தைத் திறந்தார்.

“ஆமா, 1840ன்னே போட்டிருக்கு. நம்பகமான ஒருத்தர் உறுதி பண்ணியிருக்கார்.”

“நம்பகமானவர்தாங்கம்மா” என்றார் திருமலை, கூரையைப் பார்த்தபடி.

“பிள்ளைங்களா, இந்த மனுவிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?”

அக்ஷயா எழுந்தாள். “மனு குடுத்தா பதில் வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டோம், மேடம்.”

சிரிப்பு எழுந்தது. அம்மையாரும் சிரித்தார். பிறகு நிமிர்ந்து நின்று கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

“அது அடிமைக் காலம்மா. ஏழையோட வண்டியப் பிடுங்கினான், மனுவக் குப்பையில போட்டான். கேக்க நாதியில்ல. இன்னைக்கு அப்படியா? ஒரு மனு குடுத்தா முப்பது நாள்ல பதில் வந்தாகணும். வரலாறு படிச்சாத்தான் இந்த வித்தியாசம் புரியும். இந்தப் பிரிவை மூடவே கூடாது, நான் எழுதித் தரேன்!”

கைதட்டல் அதிர்ந்தது. திருமலை சகாதேவனைக் கட்டிக்கொண்டார். சகாதேவன் கண்ணை மூடினார். காலண்டர் இருந்த இடத்திலேயே இருக்கும். பொய்க்குப் பரிசு கிடைத்த வெட்கம் ஒரு பக்கம் உறுத்தினாலும், 1840 ஆட்கள் யாரும் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

“யாருக்காவது சந்தேகம் இருக்கா? பெற்றோரும் கேக்கலாம்” என்றார் அம்மையார்.

கடைசி பெஞ்சில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாய் எழுந்தாள். பெயர் பாஞ்சாலை. கிரிவலப் பாதையில் கூடையில் சுண்டல் விற்கிறவள். கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரையைக் கைகாட்டினாள்.

“ஐயா, அது கொரோனா வந்தப்ப பஞ்சாயத்து ஆபீசுல தொரைன்னு ஒரு சாரு இருந்தாரே, அவர்கிட்ட நான் குடுத்த மனுங்க, அப்ப இன்னிக்கே வண்டிய எட்துக்கினு போலாங்களா?”