பைய சிரிங்க

"பைய திருப்புங்க மேடம்" என்றான் அலி அஸ்கர், கேமராவில் கண் வைத்தபடி.

ஏரல் படித்துறையில் நின்ற டெபோரா, தோளில் தொங்கிய கைப்பையைத் திருப்பினாள். முகம் அசையவில்லை.

மாடல் சென்னைக்காரி. அங்கே இப்போது இதுதான் பாணியோ என்னவோ. மாடல்களை நிற்கவைப்பது எப்படி என்று ஒரு மாதம் ஆன்லைனில் படித்திருந்தான். பாடத்தில் இது வரவில்லை.

ஸ்டுடியோ முதலாளி வைத்தியலிங்கம் அண்ணாச்சி சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "அக்தர் பானு அக்கா கடைக் காலண்டருக்கு ஒரு படம் வேணும்லே. நல்லா வந்தா வள்ளியூர்க் கல்யாண ஆர்டர் ஒனக்கு. சொதப்புனே, ஆயுசுக்கும் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கிட்டு கெட."

"நாடிய... பைய தூக்குங்க."

நாடி என்றால் நெல்லையில் மோவாய். சென்னையில் அது வைத்தியர் பிடித்துப் பார்ப்பது. டெபோரா தன் மணிக்கட்டைப் பார்த்துக் குழம்பி, புரிந்த பகுதியை மட்டும் செய்தாள். பை நெஞ்சுவரை உயர்ந்தது.

"இன்னும் பைய! பைய!"

பை முகத்தை மறைத்தது.

மாடல் இறுக்கமாக இருந்தால் மூச்சுப் பயிற்சி கொடுக்கச் சொல்லிப் பாடத்தில் இருந்தது.

"ரொம்ப வெறைப்பா நிக்கிதீய மேடம். கண்ண மூடி மூச்ச இழுங்க... இப்பம் பைய விடுங்க."

விட்டாள். பை தாமிரபரணியில் விழுந்தது.

அஸ்கர் பேன்ட்டோடு ஆற்றில் இறங்கினான். உதவிக்கு டெபோராவும் பாசிப் படியில் கால் வைத்தாள்.

"பைய எறங்குங்க!"

"பைதான் எறங்கிடுச்சே சார்!"

அப்போதுதான் அஸ்கருக்கு உறைத்தது. "யா அல்லாஹ்! 'பைய'ன்னா மெதுவா மேடம்!"

"அதைத் தமிழ்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"நான் சொன்னதுதான் மேடம் தமிழ்."

ஈரப் பையைக் கொண்டுபோய், கரையில் நின்ற ஆட்டோவுக்குள் போட்டான்.

"பை வேணாமா சார்? நிஜமாவா?"

"அது கண்ணுலயே படக் கூடாது. போர்ட்ரெய்ட்னா மொகந்தான்."

டெபோரா அவனை ஒரு மேதையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள், மெதுவாக நிமிர்ந்தாள், மெதுவாகச் சிரித்தாள். பின்னால் ஆறும் ஒத்துழைத்தது. பை தெரிந்த படங்களை அஸ்கர் ஒன்றுவிடாமல் அழித்தான். வள்ளியூருக்கு எந்தச் சட்டை போடுவது என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டான்.

மாலையில் அக்தர் பானு அக்கா ஸ்டுடியோவுக்கு வந்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அண்ணாச்சி படத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஷா அல்லாஹ், புள்ள என்ன லட்சணம்!" என்றார் அக்கா.

அண்ணாச்சி அஸ்கரின் முதுகில் தட்டினார். அஸ்கர் அடக்கமாகத் தரையைப் பார்த்தான்.

அக்கா மறுபடி முதல் படத்திலிருந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை பார்த்தார்.

"எல்லாம் சரி தம்பி. என் கடையில நான் விக்கிறது ஹேண்ட்பேக்குல்லா, அத எங்கன காணும்?"